வெள்ளிக்கிழமைப் பாடு

புயலுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் காற்று ஆகவில்லை.

கூரை ஓலை சலசலத்தால் எழுந்து வெளியே ஓடினார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோதே நின்ற இடத்தில் டிராயரை நனைத்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததுதான் சாராள் டீச்சரைப் பயமுறுத்தியது.

கோரைத்திட்டுக் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். பெரிய வகுப்புகளைத் தலைமையாசிரியர் செங்கல்வராயன் பார்த்துக்கொண்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை சாராளிடம். அவள் மீஞ்சூரிலிருந்து ரயிலில் பொன்னேரிக்கு வருவாள். அங்கிருந்து பஸ். பஸ்ஸை விட்டு இறங்கினால் கரையோரமாக மணலில் நடை.

முன்பெல்லாம் அவள் நடந்து வரும்போது பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்பார்கள். நண்டு தேடுவார்கள். டீச்சரைக் கண்டதும் சொட்டச் சொட்டப் பள்ளிக்கு ஓடுவார்கள். அறுபத்தாறில், ஐப்பசியில் அடித்த புயலுக்குப் பிறகு கரையில் ஒரு பிள்ளையும் இல்லை. தண்ணீர்ப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த மணலில் மட்டும் அவர்கள் நடமாடினார்கள். ஏரி பின்னால் கிடந்தது.

தை பிறந்ததும் சாராள் தலைமையாசிரியரிடம் போனாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக வேண்டும் என்றாள்.

“எங்க?”

“ஏரிக்கரைக்கு சார்.”

“ஏரிக்காரப் பசங்களுக்கு ஏரியைக் காட்டப் போறீங்க. நாளைக்கு எனக்கு என் ஊட்டைக் காட்டுவீங்களா டீச்சரம்மா?”

“அதுங்க ஏரியைப் பாத்து மாசக்கணக்கா ஆவுது சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தண்ணில கால் வெக்க மாட்டோம். ஒரு இடத்துல உக்காருவோம். பாப்போம். வந்து எழுதுவோம். அவ்ளோதான்.”

“இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா?”

“இயற்கை உலான்னு சிலபஸ்லியே இருக்குது சார்.”

“சிலபஸ்ல இன்னான்னாவோ இருக்குது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “போங்க. ஒரு புள்ள கால் ஈரமானாலும் எனக்குத்தான் பேஜாரு.”

எழுதத் தாள் வேண்டியிருந்தது. சாராளின் கணவன் ஜெயராஜ் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். ஒரு பக்கம் அச்சடித்து வீணாய்ப் போன தாள்களைக் கேட்டு வாங்கி வந்தான். சாராள் அவற்றை மடித்து, நடுவில் நூல் கோத்துத் தைத்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு.

மூன்று வரி எழுத வேண்டும். எங்கே உட்கார்ந்தேன். என்ன பார்த்தேன், என்ன கேட்டேன். அப்போது எனக்கு எப்படி இருந்தது. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்காரர்கள் படம் போடலாம். மூன்றாவது வரிக்கு மட்டும் மதிப்பெண் இல்லை, திருத்தமும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை எங்கே போவது என்பதில் சண்டை வந்தது. ஒருவன் உப்புக்கோரைப் பக்கம் என்றான். ஒருத்தி சவுக்குத் தோப்பு என்றாள். சாராள் முடிவு சொல்ல வாயெடுத்தபோது அரசப்பன் எழுந்தான். மூன்றாம் வகுப்பு. குப்பத்து நாட்டாண்மை சடையப்பனின் பேரன்.

“சீட்டுப் போட்டுடலாம் டீச்சர். பாடு மாதிரி.”

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதை அந்தக் குப்பத்தில் யாரும் தானாக முடிவு செய்வதில்லை. பங்குனியில் அம்மன் கோயில் முன்னால் எல்லா வீட்டுக்கும் சீட்டுப் போடுவார்கள். அப்படிக் கிடைக்கும் முறைக்குப் பாடு என்று பேர். சீட்டு என்பது காகிதம் இல்லை. ஒவ்வொரு வீட்டுப் படகுக்கும் ஒரு குறி உண்டு. அந்தக் குறியைக் கீறிய சிப்பிதான் சீட்டு. பானையில் போட்டுக் குலுக்குவார்கள். குப்பத்திலேயே சின்னப் பிள்ளையின் கண்ணைப் பொத்தி எடுக்கச் சொல்வார்கள். முதலில் எந்தச் சிப்பி வருகிறதோ அந்த வீட்டுக்கு முதல் பாடு. அதற்கு மேல் பேச்சில்லை.

மறுநாளே பிள்ளைகள் சிப்பிகளோடு வந்துவிட்டார்கள். மதிய உணவுக்கு வந்த பால் பவுடரின் காலி டப்பா ஒன்றைச் சாராள் கொடுத்தாள். எடுப்பதற்கு ஒன்றாம் வகுப்பு செல்வி. அவளைவிடச் சின்னப் பிள்ளை பள்ளியில் இல்லை. யாருடைய சிப்பி வருகிறதோ அவர் இடத்தைச் சொல்வார், கையில் கம்போடு முன்னால் நடப்பார். மற்றவர்கள் பின்னால்.

சாராளுக்கு அது பிடித்திருந்தது. அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தான் அதில் கை வைக்கக் கூடாது என்று நினைத்தாள். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் உலாவில் பிள்ளைகள் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சாராள் அப்படியே விட்டாள். அடுத்த வாரம் சிலர் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு உள்ளான் கூட்டம் தாழப் பறந்து வந்து சேற்றில் இறங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அப்படியே இருந்தார்கள்.

மாலையில் ரயிலில் அவள் நோட்டுகளைப் படித்தாள்.

‘கோரைப் பக்கம் உட்கார்ந்தேன். நண்டு ஓட்டைக்குள் போனது, வந்தது, போனது. எனக்குப் பசி எடுத்தது.’ இது அரசப்பன்.

‘தோப்பில் உட்கார்ந்தேன். காற்று வந்து சவுக்கு சத்தம் போட்டது. பயமாக இருந்தது. அப்புறம் இல்லை.’ இது மூன்றாம் வகுப்பு குணசுந்தரி.

மாசி மாதம் ஒரு நாள் கூரை சலசலத்தபோது யாரும் எழுந்து ஓடவில்லை. ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, “காத்து” என்றான். மறுபடி பலகையில் குனிந்துகொண்டான்.

கெங்கம்மாள் மட்டும் அப்படியே இருந்தாள்.

மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. அவள் அப்பா நாகமுத்து புயலன்று ஏரியில் கிடந்த வலையைப் பிடுங்கி வரப் போனார். படகு ஏரியோரச் சேற்றில் இருந்த கண்டல் மரக் காட்டில் கவிழ்ந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி அவர். அன்றிலிருந்து கெங்கம்மாள் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவாள், சரியாக இருக்கும். உலாவில் கடைசியாக நடப்பாள். மற்றவர்களை விட்டு எட்டி உட்காருவாள். பிள்ளைகள் எல்லா இடத்துக்கும் போனார்கள், கண்டல் காட்டுக்கு மட்டும் போகவில்லை. யாரும் அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை.

அவள் நோட்டில் முதல் இரண்டு வரிகள் ஒழுங்காக இருக்கும். ‘மேட்டில் உட்கார்ந்தேன். ஒரு படகு பார்த்தேன்.’ மூன்றாவது வரியில் எப்போதும் ஒரே சொல். ‘ஒன்றுமில்லை.’

அவளுக்குச் சீட்டு விழும் நாளுக்காகச் சாராள் காத்திருந்தாள். கம்பைக் கையில் பிடித்து முன்னால் நடந்தால், எங்கே போகலாம் என்று ஒரு சொல்லாவது சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல் போதும் என்று நினைத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செல்வியின் கை டப்பாவுக்குள் போகும்போது சாராள் அந்தக் கையையே பார்ப்பாள். கெங்கம்மாளும் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். வேறு யாருடைய சிப்பியாவது வரும்.

மாசி முடியும்போது அரசப்பனுக்கு இரண்டாம் தடவை விழுந்தது.

“ஒரு தடவை வந்த சிப்பியை வெளில எடுத்து வெச்சுட்டுத்தானே போடறீங்க?” என்று கேட்டாள் சாராள்.

“ஆமாம் டீச்சர். எல்லாருக்கும் வந்துட்ச்சு. மறுபடி மொதல்லருந்து.”

“கெங்காவுக்கு வரலையே.”

அரசப்பன் அவளைப் பார்த்தான். கேள்வி புரியாத பார்வை.

“அவ சிப்பி டப்பாவுல இல்ல டீச்சர்.”

“ஏன் இல்ல?”

“அவங்க ஊட்டுக்குப் பாடு இல்லியே. ஆம்பள இல்ல இல்ல?”

அவன் குரலில் வன்மம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான். மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

சாராள் டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். பிள்ளைகளைவிடச் சிப்பிகள் குறைவாக இருந்தன. வீட்டுக்கு ஒன்று. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். எல்லாவற்றிலும் அப்பாவின் படகுக் குறி. அவள் நிமிர்ந்து கெங்கம்மாளைத் தேடினாள்.

கெங்கம்மாள் பாவாடை நுனியில் இருந்த முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடிச்சுக்குள் ஏதோ இருந்தது. சாராள் அருகே போய் அதைத் தொட்டாள். சிப்பி. முதல் நாளிலிருந்தே அவள் அதைக் கொண்டுவந்து கொண்டிருந்தாள். டப்பாவில் போட யாரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

இந்தப் பெண்ணையும் மனதில் வைத்துத்தான் சாராள் இதையெல்லாம் தொடங்கினாள். பிள்ளைகளே நடத்தட்டும் என்று ஒதுங்கி நின்று, வாராவாரம் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தாள்.

“குடும்மா.”

கெங்கம்மாள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். மூன்று கோடும் குறுக்கே ஒரு கோடும் கீறியிருந்தது.

சாராள் மற்ற சிப்பிகளை டப்பாவில் அள்ளிப் போட்டாள். கெங்கம்மாளுடையதை மேலே வைத்தாள். ஒரு தடவை குலுக்கினாள். தானே கையை விட்டு எடுத்தாள்.

“கெங்கம்மாள்” என்றாள். “இன்னிக்குக் கெங்கா பாடு. எல்லாரும் நில்லுங்க.”

ஒருவரும் அசையவில்லை.

“டீச்சர் கண்ணை மூடல” என்றாள் செல்வி.

“செல்வி.”

“பாத்து எடுத்தாங்க. நான் பாத்தேன்.”

“பரவால்ல. வரிசையா நில்லுங்க.”

வரிசை உண்டாகவில்லை. அரசப்பன் கையிலிருந்த கம்பைச் சாராள் வாங்கினாள். கெங்கம்மாளிடம் நீட்டினாள். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அது எனக்கு வந்த சீட்டு இல்ல டீச்சர்.”

குரல் கரகரத்திருந்தது. யார் பேசியது என்று சில பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கெங்கம்மாள் தொண்டையைச் செருமினாள்.

“உள்ள போடுங்க. வர்றப்போ வரட்டும்.”

அந்தக் குரலுக்காகச் சாராள் ஐப்பசியிலிருந்து காத்திருந்தாள். கம்பைக் கீழே வைத்தாள்.

“எப்டிப் போட முடியும்?” என்றான் அரசப்பன். “எங்க தாத்தா ஒத்துக்க மாட்டாரு.”

“உங்க தாத்தாவா நடக்கப் போறாரு?” என்றாள் குணசுந்தரி. “நடக்கறதுக்கு வலையா வேணும்? படகா வேணும்?”

“பாடுன்னா பாடுதான்.”

“நீ வலை போட்டுக்கினியா? மீசைகூட மொளைக்கல. பாடு கேக்க வந்துட்டான்.”

சிரிப்பு எழுந்தது. அரசப்பன் காது சிவந்தான்.

“அது எங்க நைனா குறி. அதனால எனக்கு.”

“அவளுதும் அவங்க நைனா குறிதான்.”

“அவங்க நைனா...” என்று ஆரம்பித்து அரசப்பன் நிறுத்திக்கொண்டான். எல்லோரும் கெங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் மேஜைக்கு வந்து தன் சிப்பியை எடுத்தாள். மறுபடி பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள்.

மணி அடித்தது. அன்று உலா நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலை செங்கல்வராயன் வாசலிலேயே நின்றிருந்தார்.

“சடையப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாரு” என்றார். “இஸ்கூல்ல பாடு பிரிக்கிறீங்களாமேன்னு கேட்டாரு. சிரிச்சிக்கினுதான் கேட்டாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“நீங்க இன்னா சொன்னீங்க சார்?”

“சிலபஸ்ல இருக்குதுன்னேன்.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “டீச்சரம்மா, சாயங்காலம் நீங்க மீஞ்சூருக்கு ரயில் ஏறிடுவீங்க. அந்தப் பொம்பளை இங்கதான் இருக்கணும். அதை யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. சாராள் அதைச் சொல்லாமல் உள்ளே போனாள்.

அந்தப் பொம்பளை முதல் பீரியடிலேயே வந்தாள். கெங்கம்மாளின் அம்மா கோவிந்தம்மா. பொன்னேரிச் சந்தைக்குப் போகிற வழி. தலையில் மீன் கூடை. இறக்கி வைக்காமலே வாசலில் நின்று பேசினாள்.

“இன்னா டீச்சரம்மா, எம் பொண்ணுக்குப் பாடு தரேன்னியாமே?”

சாராள் வெளியே வந்தாள்.

“நான் சொன்னது நடக்கறதுக்கு...”

“எதுக்குன்னா இன்னா? கெணத்தாண்ட ஒருத்தி கேக்கறா, ‘இஸ்கூல்ல வாங்கிட்ட, அடுத்தது ஏரியா’ன்னு. பங்குனில சீட்டு. எங்க ஊட்டுச் சிப்பியை எடுத்துடாதீங்க, எங் கொழுந்தன் வலை போடட்டும், பாதி எனக்குக் குடுங்கன்னு நாட்டாண்மைகிட்ட கேட்டுக்கினு இருக்கேன். அவரு ஆவட்டும்னும் சொல்லல, ஆவாதுன்னும் சொல்லல. இந்த நேரத்துல நீ வந்து...” அவள் மூச்சு வாங்கினாள். “எங் கூடப் பொறந்தவன் எண்ணூர்ல மண்ணு சுமக்கறான், வலைப் பக்கம் வரமாட்டேன்றான். எனக்கு யாரு இருக்காங்க? வேணாம் டீச்சரம்மா. பங்குனி முடியற வரைக்கும் அவ சிப்பி அந்த டப்பாவுல வேணாம்.”

“சரி” என்றாள் சாராள். “நான் யோசிக்காம பண்ணிட்டேன்.”

கோவிந்தம்மா போகத் திரும்பினாள். பிறகு நின்றாள்.

“அவ பேசினாளாமே.”

“பேசினா.”

“நெஜமாவா? பசங்க சொல்லுதுங்க, நான் நம்பல.”

“நெஜம்தான்.”

“இன்னா பேசினா?”

“‘அது எனக்கு வந்த சீட்டு இல்ல டீச்சர்’னா. ‘உள்ள போடுங்க. வர்றப்போ வரட்டும்’னா.”

கோவிந்தம்மா கூடையை இறக்கினாள். சும்மாட்டுத் துணியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள்.

“இன்னொரு தரம் சொல்லு.”

சாராள் இன்னொரு தரம் சொன்னாள்.

“ஊட்டுல பேசறதில்ல. பசிச்சா தட்டைக் கொணாந்து வெப்பா. அவ்ளோதான்.” துணியை மடித்தாள், விரித்தாள். “திக்காமப் பேசினாளா?”

“திக்கல. தொண்டைதான் கட்டியிருந்தது.”

“கட்டாதா பின்ன.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. “அந்த டப்பா எங்க?” என்றாள் கோவிந்தம்மா.

சாராள் கொண்டுவந்து கொடுத்தாள். கோவிந்தம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு சிப்பிகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தினாள். எழுத்து தெரியாதவள். குறி தெரியும்.

“இது சடையப்பன் ஊடு. இது எங் கொழுந்தன். இது அந்தக் கெணத்தாண்டக்காரி புருஷன்.” டப்பாவுக்குள் பார்த்தபடியே கேட்டாள். “எங்க ஊடு எங்க?”

“கெங்கா வெச்சிருக்கா.”

“கெங்கா.”

கெங்கம்மாள் எழுந்து வந்தாள்.

“குடுடீ.”

அவள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். கோவிந்தம்மா சிப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று கோடு, குறுக்கே ஒரு கோடு.

“ஆழமா கீறியிருக்கியே. எதால கீறின?”

பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“ஆணியால” என்றாள் கெங்கம்மாள்.

கோவிந்தம்மா மூக்கை உறிஞ்சினாள். சிப்பியை டப்பாவில் போட்டாள். மூடியை அழுத்தினாள்.

“கோவிந்தம்மா” என்று சாராள் ஆரம்பித்தாள். “பங்குனி வரைக்கும் வேணாம்னு...”

“சொன்னேன். இப்போ போட்டுட்டேன்.” எழுந்தாள். “இது நாகமுத்து பேருல இல்ல. அவரு போயிட்டாரு. எம் பேருல. யாராவது கேட்டா கோவிந்தம்மாவைக் கேளுன்னு சொல்லு. பங்குனில கோயிலாண்ட நின்னு இதையேதான் கேக்கப் போறேன். அவ கேட்டுட்டா. நான் கேக்க மாட்டனா?”

“அங்க மாட்டேன்னுட்டா?”

“அது அங்க.” அவள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். “டேய் அரசப்பா.”

அரசப்பன் எழுந்து நின்றான்.

“உங்க தாத்தாகிட்ட போய்ச் சொல்லு. அத்தை டப்பாவுல சிப்பி போட்டுட்டா, எடுக்கணும்னா அவரையே வந்து எடுக்கச் சொன்னான்னு.”

“நான் சொல்லமாட்டேன் அத்தை. ஒதைப்பாரு.”

“அப்ப நீயும் எடுக்காத.”

“எடுக்கமாட்டேன்.”

அவள் சாராள் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நீ எடுத்துக் குடுக்காத டீச்சரம்மா. அது எங்களுக்கு ஆவாது. அதுவா வரட்டும்.”

சாராள் தலையாட்டினாள். கூடையைத் தூக்கிவிட்டாள். மீன் தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்தது.

அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் இதே பேச்சு. ஒரே சிப்பியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பியில் தம்பி வந்து, தனக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்றான்.

“அண்ணனுக்கு வந்தா அவன்தான் கம்பைப் பிடிக்கறான் டீச்சர். எனக்குத் தரவே மாட்டேன்றான்.”

“நான் இதுல இல்ல” என்றாள் சாராள். “பசங்களைக் கேளு.”

பிள்ளைகள் மதிய உணவுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் கூடினார்கள். குணசுந்தரியின் குரல்தான் அதிகம் கேட்டது. கடைசியில் ஆளுக்கு ஒரு சிப்பி என்று ஆயிற்று. ஒன்றாம் வகுப்புக்காரர்கள் உட்பட. எடுக்கிற செல்விக்கு மட்டும் இரண்டு நாள் விவாதம் நடந்தது. அவள் தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தே எடுத்துவிடுவாள் என்றான் அரசப்பன். செல்வி அழுதாள். அவள் சிப்பியும் உள்ளே போனது. டப்பா நிறைந்தது.

வேலியோரம் போய்க்கொண்டிருந்த சடையப்பன் ஒரு நாள் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். வெள்ளைத் துண்டு, கையில் சுருட்டு. சாராள் வாசலுக்கு வந்து நின்றாள். சுருட்டு அணைந்திருந்தது. பற்ற வைக்காமலே நடந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பங்குனியில்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை. சாராள் சுவரோரம் நின்றுகொண்டாள். அரசப்பன் செல்வியின் கண்ணைப் பொத்தினான். இன்னொருவன் டப்பாவைக் குலுக்கினான். முன்பு அது கலகலவென்று இருக்கும். இப்போது கனத்த சத்தம்.

செல்வி கையை விட்டாள். நெடுநேரம் துழாவினாள்.

“சீக்கிரம்டீ.”

“இருடா.”

எடுத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தம்பிக்காரனின் சிப்பி. அவன் அண்ணனைப் பார்த்துக் குதித்தான்.

கெங்கம்மாள் குறியைக் கடைசிவரை பார்த்தாள். தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகு கையிலிருந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசைக்கு வந்தாள். கடைசியில் அல்ல. குணசுந்தரிக்குப் பின்னால், நடுவில்.

தம்பிக்காரன் சவுக்குத் தோப்பைச் சொன்னான். கம்பை ஓங்கிப் பிடித்து வேகமாக நடந்தான். பின்னால் வந்தவர்கள் மெதுவாகப் போ என்று கத்தினார்கள். தோப்பில் உட்கார்ந்ததும் காற்று வந்தது. சவுக்கு இரைந்தது. ஏரியில் சின்ன அலைகள். தூரத்தில், தண்ணீரின் விளிம்பில், கண்டல் காடு கறுப்பாகத் தெரிந்தது. பிள்ளைகள் பார்க்காதது போல் இருந்தார்கள். கெங்கம்மாள் பார்த்தாள். காற்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னேரியில் ரயில் தாமதம். சாராள் பிளாட்பாரத்துப் பெஞ்சில் நோட்டுகளை மடியில் வைத்துப் படித்தாள். ‘கம்பு என்னிடம் இருந்தது. அண்ணன் பின்னால் வந்தான். நன்றாக இருந்தது.’ செல்வி ஒரு டப்பா வரைந்திருந்தாள். டப்பாவைவிடப் பெரிய கை.

கெங்கம்மாளின் நோட்டை அவள் கடைசியாகத்தான் எடுத்தாள்.

‘சவுக்குத் தோப்பில் உட்கார்ந்தேன்.’

‘டப்பாவைக் குலுக்கும்போது சிப்பி சத்தம் கேட்டேன். தோப்பில் காற்று கேட்டேன்.’

மூன்றாவது வரியில் வழக்கமான அந்த ஒரே சொல்லை எழுதி அடித்திருந்தாள். அடித்ததற்குக் கீழே மறுபடி எழுதியிருந்தாள்.

‘எனக்கு வரும்போது எல்லாரையும் கண்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.’

சாராள் நோட்டை மூடினாள். வரும் வெள்ளிக்கிழமையா, சித்திரையிலா, எப்போது வரும் என்று அவளால் சொல்ல முடியாது. கண்டலுக்குப் போகும் வழியில் சேறு எந்த அளவு இருக்கும் என்று யாரிடமாவது கேட்டு வைக்க வேண்டும். கோவிந்தம்மாவிடமே கேட்கலாம்.

ரயில் வந்தது. அவள் நோட்டுகளைப் பையில் வைத்து ஏறினாள்.